கருத்தடை நாளில் கிருமி நுழையாமல் பார்த்துக்கொள்வது

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சின்ன கால்நடை கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். தெருப்பூனைகளுக்குக் கருத்தடை என்றால், முடியை அறுவை அறைக்கு வெளியிலேயே மழித்துவிடுங்கள். அப்புறம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும்; ஓரத்தைத் தொட்ட பஞ்சு நடுவுக்குத் திரும்பக் கூடாது.

சறுக்குவது, அறுவைக் கருவிகளைத் துணியில் சுற்றிய பொதியில்தான். மேலே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தால், பொதி ஆட்டோகிளேவுக்குள், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்துக்குள், போய்வந்தது என்றுதான் அர்த்தம்; கிருமி செத்தது என்றல்ல. பொதிக்குள் வைத்த இண்டிகேட்டர் அட்டையும் நிறம் மாறியிருக்க வேண்டும். பொதி ஈரமாக வந்தால் எடுக்காதீர்கள், ஈரத்துணி வழியாகக் கிருமி உள்ளே இறங்கிவிடும். ஒருமுறை அவசரத்தில் ஏசிக்குக் கீழே காயவைத்தேன். “எல்லாம் மறுபடி போடு லா” என்றார் டாக்டர். மூன்று பூனைகள் காத்திருந்தன.

கையுறை போட்டபின் கை இடுப்புக்குக் கீழே போகக் கூடாது. மூக்கு அரித்தால்? பொறுத்துக்கொள்ளுங்கள்.