கப்பல் கரையில் நிற்கும் நாளில் சொந்தமாக ஊர் சுற்றுவது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் செல்பவர்களுக்கு, கப்பல் ஒவ்வொரு துறைமுகத்திலும் நிற்கும் எட்டு அல்லது பத்து மணி நேரத்தில் ஊர் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. கப்பல் நிறுவனமே விற்கும் கரைச் சுற்றுலாவில் சேரலாம். அல்லது தாமே வண்டி பிடித்துச் சுற்றலாம். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து குடும்பமாகக் கிளம்பும் ஆறேழு பேருக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் செலவு குறைந்தது. கப்பல் சுற்றுலாவில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். வேனுக்கோ மொத்தமாக ஒரே வாடகைதான். ஆனால் கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து போக்குவரத்து நெரிசலில் சிக்கினால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். நாம் பிடித்த வேன் சிக்கினால் காத்திருக்காது. எந்த ஊரில் துணிந்து இறங்கலாம், எந்த ஊரில் பணத்தைக் கட்டிவிட்டுக் கப்பல்காரர்களோடு போகலாம் என்பதை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, பயணத் திட்டத்தில் அச்சிட்டிருக்கும் ஊரின் பெயரை அல்ல, கப்பல் உண்மையில் கட்டும் துறையை. ‘கோலாலம்பூர்’ என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். ‘பாங்காக்’ என்றால் லேம் சபாங்கில். ‘ஹோ சி மின் நகர்’ என்றால் பெரும்பாலும் பூ மி துறைமுகத்தில். துறைக்கும் நகரத்துக்கும் இடையிலான சாலைத் தொலைவைத் திட்டமிடும்போதே வரைபடத்தில் அளந்துவிட வேண்டும்.

அதன் பிறகு நாளைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். லேம் சபாங்கையே எடுத்துக்கொள்வோம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்றால், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கெடு பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகவே இருக்கும், 5.30 என்று வைத்துக்கொள்வோம். தொலைவான ஊர் என்பதால் இரண்டு மணி நேரம் கையிருப்பாக ஒதுக்கினால், 3.30 மணிக்குத் துறையில் இருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து சாலை வழியாக இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும் என்பதால் 1 மணிக்கே அங்கிருந்து கிளம்ப வேண்டும். காலையில் கப்பலை விட்டு வெளியே வர 9 ஆகிவிடும். பாங்காக் போய்ச் சேர 11.30. ஐந்து மணி நேரம் வண்டியில் உட்கார்ந்துவிட்டு, அரச மாளிகையையும் மரகத புத்தர் கோயிலையும் ஒன்றரை மணி நேரத்தில், உச்சி வெயிலில், தோளும் முழங்காலும் மூடிய உடையில் ஓடி ஓடிப் பார்ப்பது ஒரு பயணமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். என் கருத்தில், இந்தத் துறைமுகத்தில் பாங்காக் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் கப்பல் சுற்றுலாவை வாங்கிவிடுவது நல்லது. மற்றவர்கள் அரை மணி நேரத் தொலைவிலுள்ள பட்டாயாவோடு நிறுத்திக்கொள்ளலாம். பூ மி துறைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

சொந்தமாகச் சுற்றும் வசதியில், போர்ட் கிளாங் லேம் சபாங்குக்கும் பினாங்குக்கும் நடுவில் நிற்கிறது. நம்மவர்களுக்கு இங்கே பத்துமலை முருகனைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது; 2006இல் திறந்துவைக்கப்பட்ட 42.7 மீட்டர் உயரச் சிலையும், அதன் பின்னால் குகைக்கு ஏறும் 272 படிகளும் துறையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரப் பயணம். வேலை நாள் மாலையில் அப்படி இருக்காது. காலையில் முதல் ஆட்களாக இறங்கி, நேராகப் பத்துமலைக்குப் போய்விட்டு, கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களை வண்டியில் இருந்தபடியே பார்த்துத் திரும்பினால் இது தாங்கும். கடைத்தெருவையும் சேர்த்துக்கொண்டால் தாங்காது. படி ஏற முடியாத பெரியவர்கள் உடன் வந்தால், அவர்கள் கீழே சிலையடியிலுள்ள கோயில்களை வணங்கிவிட்டு நிழலில் அமர்ந்திருக்கட்டும். எல்லோரும் ஏறியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அங்கேயே முக்கால் மணி நேரம் போய்விடும். இவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்குக் கிளாங் நகரின் தெங்கு கிளானா சாலையிலுள்ள லிட்டில் இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது.

சொந்தமாகச் சுற்றுவதற்கென்றே அமைந்த துறைமுகம் என்றால் அது பினாங்குதான். சுவெட்டன்ஹாம் துறையில் கப்பலிலிருந்து இறங்கி வெளிவாசலைக் கடந்தால், எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் ஆட்சி அறுபதாண்டு நிறைவுக்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது. அதை ஒட்டிக் கார்ன்வாலிஸ் கோட்டை. வண்டிக்காரர்கள் வாசலிலேயே சூழ்ந்துகொண்டு பேரம் பேசுவார்கள். அவர்களைத் தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும். 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் நடப்பதற்கென்றே அமைந்தவை. கடைகளின் முன்புறம் மேல்மாடிக்குக் கீழே ஐந்தடி அகலத்தில் தொடர்ச்சியாக ஒரு நடைவழி ஓடும். வெயிலும் மழையும் படாது. ஆனால் ஒரு கடையில் மூட்டைகளும் அடுத்த கடையில் மோட்டார் சைக்கிளும் வழியை மறிக்கும் என்பதால், நாலு அடிக்கு ஒருமுறை தெருவில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குயின் தெருவிலுள்ள மகாமாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்தது; நம் ஊர்க் கோயில்களைப் போலவே நண்பகலில் நடை சாத்தக்கூடும் என்பதால் அதை முதலில் பார்த்துவிட வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், கூ கொங்சி என்னும் சீன வம்சாவளி மண்டபமும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. மதியம் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, கிராப் செயலியில் கார் பிடித்தால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் போய் வரலாம். கடைக்காரர்கள் பலர் தமிழிலேயே பேசுவார்கள். வழி கேட்க மொழிச் சிக்கல் இல்லை. பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலைக்கு ஏறும் ரயிலுக்கு மட்டும் விடுமுறை நாட்களில் வரிசை நீண்டுவிடும் என்பதால், கப்பலில் வந்திருக்கும் நாளில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பூக்கெட்டில் சிக்கல் வேறு வகையானது. கப்பல்கள் பல வேளைகளில் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோகும். கப்பல் சுற்றுலா வாங்கியவர்களே முதலில் இறங்குவார்கள். மற்றவர்கள் படகுச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். திரும்பும்போது கடைசிப் படகின் நேரமே உண்மையான கெடு. கடல் கொந்தளித்தால் படகுகள் நிற்கும். கப்பல் அந்தத் துறையையே விட்டுவிட்டுப் போகவும் கூடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் நம் வீட்டு ஓடுகளை அசைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மே முதல் அக்டோபர் வரை பூக்கெட், லங்காவி ஆகியவற்றின் மேற்குக் கரையைத் தாக்குகிறது. ஆகவே நம் பக்கத்துப் பள்ளிகளின் ஓண விடுமுறையில் போகிறவர்கள் பூக்கெட்டுக்கென்று முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்தக் கரை அமைதியாக இருக்கும். தாய்லாந்து வளைகுடாவிலுள்ள கோ சமுய்க்குக் கணக்கு நேர்மாறு: அங்கே மழை உச்சம் நவம்பர். எந்தப் பருவமானாலும், கப்பல் நிற்கும் ஒரே நாளில் விரைவுப் படகில் பீ பீ தீவுகளுக்குப் போவதைத் தவிர்க்கவும்.

கடிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை மணி நேரம்தான். சில கப்பல்கள் தாய்லாந்துக்குப் போனாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கும். அப்போது கப்பலில் மணி 4 என்றால், கரையில் தானாக மாறிக்கொண்ட கைபேசி 3 என்று காட்டும். அதை நம்பிக் கடைத்தெருவில் நின்றால் கப்பல் போய்விடும். இறங்கும்போது கப்பல் நேரத்தைக் கேட்டு, கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் கைபேசியை விமானப் பயன்முறையில் வைப்பதும் அவசியம். கப்பலின் அலைவரிசையில் சேர்ந்துகொண்டால் சாதாரண ரோமிங் திட்டத்தில் அடங்காத கட்டணம் ஏறும்.

ஆவணங்களில் முக்கியமானது சிங்கப்பூர் விசா. கப்பல் வெளியே போய்த் திரும்ப வருவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக அது இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் அண்மைக் காலத்தில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தன; இந்தச் சலுகைகள் மாறக்கூடியவை என்பதால் சீட்டுப் பதியும்போதும் கிளம்பும் முன்பும் சரிபார்க்கவும். இணையவழி வருகை அட்டைகள் தனி. தாய்லாந்தின் அட்டை 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதைக் கப்பல் பயணிகள் எப்படி நிரப்ப வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளலாம். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே இயக்கிவிட்டு, கிராப் செயலியையும் இந்திய எண்ணில் இங்கேயே பதிவு செய்துவிட வேண்டும். அங்கே போன பிறகு பதிவு செய்தால், கைபேசிக்கு வர வேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல் வராமல் தகராறு செய்யும். வேலந்தாவளம் தாண்டிக் கோவை விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்குச் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. கப்பல் கிளம்பும் நாளிலேயே இறங்காமல் முதல்நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

வண்டியை முன்பதிவு செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கவும். வாடகையில் ஒரு பகுதியைத் திரும்பிய பிறகே கொடுக்கவும். கப்பலின் தினசரித் தாளில் அந்தந்தத் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கடவுச்சீட்டின் நகலையும் கொஞ்சம் உள்ளூர்ப் பணத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த உடனே அந்த முகவரை அழைக்க வேண்டும், துறைக்கு வந்த பிறகு அல்ல. கப்பல் போய்விட்டால், கடவுச்சீட்டு கப்பலிடம் இருந்தால் அதைப் பெற உதவுபவரும் அவர்தான். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு நம்முடையது. காப்பீடு எடுக்கும்போது இந்தச் செலவு அதில் அடங்குமா என்று கேட்டு வாங்கவும்.