ஒன்றியப் பள்ளிக்கு வரலாறு எழுதப் போகிறீர்களா? பீரோவைத் திறங்கள்

நூற்றாண்டு விழா என்றதும் மலர்க்குழு முதலில் ஓடுவது வாழ்த்துரை வாங்கத்தான். மந்திரி முதல் வார்டு மெம்பர் வரை படம் போட்டால் பாதி மலர் நிறைந்துவிடும், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கம் மிஞ்சும். ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்: முதலில் எச்.எம். அறையின் இரும்பு பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்.

தேட வேண்டியது சேர்க்கைப் பதிவேடு. நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது என்பதால், மற்றவை எடைக்குப் போயிருந்தாலும் இது இருக்கும். அனுமதி கேட்டு அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்குக் கேட்காதீர்கள்.

நுழைவாயில் வளைவில் எழுதிய ஆண்டு பள்ளி தொடங்கியதா, கட்டடம் எழும்பியதா என்று பதிவேடுதான் சொல்லும். முதல் தொகுதி இல்லையென்றால், இருப்பதில் பழையது எந்தச் சேர்க்கை எண்ணில் தொடங்குகிறது, அப்போது ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம். உத்தேசம்தான், உத்தேசம் என்றே எழுதுங்கள். முத்திரைகளையும் கவனியுங்கள். முன்பு பள்ளியை நடத்திய ஜில்லா போர்டின் முத்திரை மறைந்து பஞ்சாயத்து யூனியன் முத்திரை வருவது, 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு யூனியன்கள் அமைந்த காலம்.

பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். பாதி ஊர் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கும்! தலைக்கு மேல் கைபோட்டுக் காதைத் தொட்ட பிள்ளைக்கு வாத்தியார் வைத்த பிறந்தநாள் அது.

நிதானமாகப் படிக்க வேண்டியது யார் வந்தார்கள் என்பதை. முதல் பெண் பிள்ளை எந்த ஆண்டு சேர்ந்தாள், எந்த வகுப்போடு நின்றாள்? சேரிப் பிள்ளைகள் எப்போது வந்தார்கள்? பக்கத்தில் பழைய லேபர் ஸ்கூல், இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளி, இருந்ததா? ‘எல்லாச் சாதியினரும் ஒன்றாகப் படித்தனர்’ என்ற வரி இல்லாத மலரை நான் பார்த்ததில்லை. பதிவேடு அப்படிச் சொன்னால் எழுதுங்கள், இல்லையென்றால் விடுங்கள். ஆனால் பெயரோடு சாதியை அச்சில் ஏற்றாதீர்கள், எண்ணிக்கை போதும். 1956 மதிய உணவு, 1982 சத்துணவு இரண்டுக்கும் முன்னும் பின்னும் சேர்க்கையை எண்ணி ஒப்பிடுங்கள். எங்கே ஏறியது, எங்கே ஏறவில்லை என்பதே ஒரு கட்டுரைக்குக் காணும்.

பெரியவர்களிடம் ‘பள்ளி எப்போது ஆரம்பித்தது’ என்று கேட்டால் ‘வெள்ளைக்காரன் காலத்துலப்பா’ என்பார்கள். மழை பெய்தால் எங்கே உட்கார்ந்தீர்கள், மதியச் சோறு யார் வடித்தது, யார் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது என்று கேளுங்கள். எண்பதைத் தாண்டியவர்களிடம், ராஜாஜி 1953-ல் கொண்டுவந்து அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட அரைநாள் பள்ளி பற்றிக் கேளுங்கள். மீதி அரைநாள் என்ன செய்தார்கள் என்ற பதிலை எந்தப் பதிவேடும் தராது.

கடைசியாக நிலம். ‘எங்க தாத்தா கொடுத்த இடம்’ என்று இரண்டு குடும்பமாவது சொல்லும். தானப் பத்திரம் இருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்துக்கு எட்டாமல் போகலாம், அப்போது மனுப் போட்டுத் தேட வேண்டும். வி.ஏ.ஓ.விடம் ஊர் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள், இடம் புறம்போக்காகவே இருக்கலாம். மலர் அச்சுக்குப் போகுமுன் இதை முடித்துவிடுங்கள். விழா மேடையில் பங்காளிகள் மைக்கைப் பிடித்தால், எந்தக் கலெக்டர் வந்தாலும் தீர்க்க முடியாது.