போன் மோடமாக இருந்தால் போதும்: மொபைல் நெட்டில் வீட்டை ஓட்டும்போது செய்யும் தவறுகள்

பிராட்பேண்ட் லைன் போய்விட்டது, அல்லது வேண்டாம் என்று நிறுத்திவிட்டீர்கள். கையில் இருக்கும் போனில் 4ஜியோ 5ஜியோ நன்றாகவே வருகிறது. லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் போட்டால் முடிந்தது. சிக்கல் கேபிளில் ஓடும் சாதனங்களில்தான் வருகிறது. மேசைக் கணினி, பழைய பிரின்டர், சிசிடிவி ரெக்கார்டர், நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஈதர்நெட் கேபிளைத்தான் கேட்கும். போனில் அதைச் சொருக இடமே இல்லை.

என் வீட்டு லைன் ஒருமுறை ஒன்பது நாள் வரவே இல்லை. முதல் நாள் யுஎஸ்பி கேபிளில் போனை மேசைக் கணினியோடு இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை, அதாவது போனின் நெட்டைக் கேபிள் வழியே கணினிக்குக் கொடுக்கும் வசதியை, ஆன் செய்தேன். நெட் வந்துவிட்டது. இனி எதற்கு என்று ரூட்டரைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு படிவத்தை அச்செடுக்கப் போனால் பிரின்டரைக் காணோம். குடும்பப் படங்கள் இருக்கும் நெட்வொர்க் டிஸ்க்கையும் காணோம். இரண்டுக்கும் எந்தப் பழுதும் இல்லை. அவற்றையும் கணினியையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்த்து வைத்திருந்தது ரூட்டர்தான். அதை எடுத்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றுவிட்டது.

ரூட்டரைக் கழற்றுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. பிராட்பேண்டில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வெளியிலிருந்து நெட்டைக் கொண்டுவருவது ஒன்று. அதை வீட்டுக்குள் பகிர்ந்து, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுத்து, அவை ஒன்றோடொன்று பேச வழி செய்வது இன்னொன்று. முதல் வேலையை மட்டும் போனிடம் கொடுங்கள். இரண்டாவதைப் பழைய ரூட்டரே பார்க்கட்டும். பிரின்டரிலோ டிவியிலோ எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

ரூட்டரோடு போனை இணைப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் தடுக்கி விழ இடம் உண்டு.

ரூட்டரின் பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதே, போனை அதில் சொருகினால் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். பல ரூட்டர்களில் அது பென் டிரைவுக்கும் பிரின்டருக்கும் மட்டும்தான். செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங், மொபைல் பிராட்பேண்ட் என்பது போல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஏசுஸின் சில மாடல்களிலும், ஜிஎல்-ஐநெட்டின் சிறிய பயண ரூட்டர்களிலும் இந்த வசதி உண்டு. கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரூட்டர் என்றால் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனி டிரைவர் பேக்கேஜ் வேண்டும். அதை இறக்கவே நெட் வேண்டும் என்பதால், லைன் நன்றாக இருக்கும்போதே போட்டு வைத்துவிடுங்கள். கேபிளையும் கவனியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய இருக்கின்றன. போனில் யுஎஸ்பி டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்து, அழுத்தினாலும் ஆன் ஆகவில்லை என்றால், செட்டிங்ஸைக் குடைவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது வழி யுஎஸ்பி-சி ஈதர்நெட் அடாப்டர். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் ரூட்டரில் யுஎஸ்பி போர்ட்டே தேவையில்லை. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் ஈதர்நெட் டெதரிங் என்ற தேர்வு இருக்கிறது. ஆனால் அடாப்டரைச் சொருகினால் மட்டும் போதாது. ஈதர்நெட் கேபிள் வந்தால் அதிலிருந்து நெட்டை வாங்கிக்கொள்வதுதான் போனின் இயல்பு. ஹாட்ஸ்பாட் பக்கத்துக்குப் போய் ஈதர்நெட் டெதரிங்கை ஆன் செய்தால்தான் நெட்டைக் கொடுக்கத் தொடங்கும். அந்தக் கேபிளை ரூட்டரில் எங்கே சொருகுகிறோம் என்பது இன்னும் முக்கியம். இன்டர்நெட் என்று தனியாகக் குறித்திருக்கும் போர்ட்டில் சொருக வேண்டும். வீட்டுச் சாதனங்களுக்காக வரிசையாக இருக்கும் நான்கு லேன் போர்ட்களில் ஒன்றில் சொருகினால், போனும் ரூட்டரும் போட்டி போட்டுக்கொண்டு ஐபி முகவரி கொடுக்கும். ஒரு கணினிக்கு நெட் வரும், பக்கத்துக் கணினிக்கு வராது. காலையில் வந்தது மாலையில் வராது. காரணம் தெரியாமல் நாள் கணக்கில் அலைக்கழிக்கும் கோளாறு இது.

ஃபைபர் வயர் நேராக உள்ளே நுழையும் பெட்டியை ரூட்டராக வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தடை உண்டு. அதில் தனி இன்டர்நெட் போர்ட் பெரும்பாலும் இருக்காது, இருப்பதெல்லாம் லேன்தான். சில பெட்டிகளில் ஒரு லேன் போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம். முடியாவிட்டால் சாதாரண ரூட்டர் ஒன்று தனியாக வேண்டும். அடாப்டர் வாங்கும்போது சார்ஜ் ஏற்றவும் வழி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் போன் அணைந்துவிடும்.

மூன்றாவது வழியில் போன் ஹாட்ஸ்பாட் போடும், ரூட்டர் அதை வைஃபையில் வாங்கி லேன் போர்ட்களுக்குக் கொடுக்கும். ரூட்டர் மெனுவில் விஸ்ப் என்றோ கிளையன்ட் என்றோ இருக்கும். ஒரே வைஃபை பேண்டில் வாங்கி அதே பேண்டில் வீட்டுக்கும் பரப்பினால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி, கேபிளிலும் 2.4-லும் கொடுங்கள். யாரும் இணையாமல் கொஞ்ச நேரம் போனால் தானே அணைந்துகொள்ளும் அமைப்பு ஹாட்ஸ்பாட்டில் இருக்கும். அதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ரூட்டர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனதும் வீடு முழுக்க நெட் போய்விடும்.

கணினியையே ரூட்டர் போல வைத்து, விண்டோஸின் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் மூலம் மற்ற சாதனத்துக்கு நெட் கொடுப்பவர்களும் உண்டு. அவசரத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஓட்டலாம். கணினி தூங்கினால் அதன் பின்னால் இருக்கும் டிவியும் நின்றுவிடும்.

போனை எங்கே வைப்பது

சிக்னல் கோடுகளை நம்பி இடம் பார்க்காதீர்கள். நான்கு கோடு காட்டும் இடத்திலும் நெட் ஊர்ந்துகொண்டிருக்கும். போனின் சிம் நிலைப் பக்கத்திலோ ஒரு நெட்வொர்க் ஆப்பிலோ சிக்னல் அளவை எண்ணாகப் பாருங்கள். 4ஜியில் மைனஸ் 80 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அருகே இருந்தால் மிக நல்லது, மைனஸ் 110-ஐத் தாண்டி மைனஸ் 115, 120 என்று போனால் சிரமம். ஒரே அறையில் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே கூட பெரிய வித்தியாசம் இருக்கலாம். பகல் பதினோரு மணிக்குச் சோதித்துவிட்டு முடிவெடுக்காமல், டவரில் கூட்டம் சேரும் இரவு நேரத்திலும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், ரூட்டர் இருக்கும் மூலைக்கே போனைக் கொண்டுபோய் வைப்பது வேண்டாம். சிக்னல் நன்றாக உள்ள ஜன்னலில் போனையும் அடாப்டரையும் வைத்து, அங்கிருந்து ரூட்டர் வரை நீளமான ஈதர்நெட் கேபிளை இழுங்கள். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை.

ஜன்னல் என்றதும் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்பது நாளில் போன் ஜன்னல் விளிம்பில், திரைச்சீலைக்குப் பின்னால், உறை போட்டபடி, இரவு பகலாகச் சார்ஜில் இருந்தது. ஆறாம் நாள் எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்க ஓரத்தில் திரை நகக்கண் அளவுக்கு மேலே எழும்பி, இடுக்கில் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தது. பேட்டரி உப்பியிருந்தது. லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடும், எப்போதும் 100 சதவீதச் சார்ஜில் இருப்பதும் சேர்ந்தால் ஆகாது. வெயில் நேராகப் படாத இடம், உறை கழற்றிய போன், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு, இந்த மூன்றையும் முதல் நாளே செய்துவிடுங்கள். சூடாக இருக்கும் ரூட்டரின் தலைமேல் போனை வைக்காதீர்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜிலிருந்து உடனே எடுத்து, சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

சத்தமில்லாமல் கரையும் டேட்டா

போன் ஹாட்ஸ்பாட்டில் நேரடியாக இணையும் ஆண்ட்ராய்டு சாதனங்கள் பல, இது அளவுள்ள நெட் என்று தாமே புரிந்துகொண்டு பெரிய டவுன்லோடுகளைத் தள்ளிப்போடும். நடுவில் ரூட்டர் வந்ததும் அந்தத் தகவல் அறுந்துவிடும். கேபிளில் இருக்கும் கணினி, பழைய பிராட்பேண்ட்தான் என்று நினைத்து அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் அந்த ஈதர்நெட் இணைப்பை மீட்டர்ட் (அளவுள்ள நெட்) என்று நீங்களே குறித்து வையுங்கள். கேம் கன்சோலில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள், ஒரே ஒரு கேம் 100 ஜிபியைத் தாண்டுவதெல்லாம் இப்போது சாதாரணம்.

டிவியில் எச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்குச் சுமார் 3 ஜிபி, 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். கேமராவை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரே ஒரு கேமரா நாள் முழுக்க கிளவுடுக்கு அனுப்பினால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். உங்கள் பிளானில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனி வரம்பு இருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள். போனுக்கு அன்லிமிடெட் என்பது பகிர்வதற்கும் அன்லிமிடெட் என்று ஆகாது.

வெளியிலிருந்து வீட்டைப் பார்க்க முடியவில்லையா?

வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் ஒரு சாதனத்துக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கைப் பிராட்பேண்டில் போட்டு, அலுவலகத்திலிருந்து சிசிடிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மொபைல் நெட்டுக்கு மாறியதும் அதே அமைப்பை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். வேலை செய்யாது. மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. சிஜிநாட் என்பது இதுதான். போனின் ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு உங்கள் வீடு எது என்று நிறுவனத்தின் கருவிக்கே தெரியாது, உங்கள் ரூட்டரில் எதைத் திறந்து வைத்தும் பயனில்லை. மாறும் ஐபி முகவரிக்கு நிலையான பெயர் கொடுக்கும் டைனமிக் டிஎன்எஸ் போட்டாலும் அதே கதைதான். வீட்டிலிருந்து வெளியே கிளம்பும் இணைப்புகளுக்குத் தடை இல்லை என்பதால், ரெக்கார்டர் நிறுவனத்தின் பி2பி ஆப், அல்லது உங்கள் சாதனங்களை ஒரு தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றின் வழியாகப் போங்கள். போனில் விபிஎன் ஓடுகிறதே, டிவிக்கும் அது சேரும் என்று எண்ண வேண்டாம். ஆண்ட்ராய்டில் சாதாரணமாக அது டெதரிங் வழியே போகாது.

இது உங்கள் கையில் இருக்கும் போனா?

நீங்கள் கடைக்குக் கிளம்பினால் வீட்டு நெட்டும் கூடவே கிளம்பிவிடும். இரண்டு சிம் போட்ட பல போன்களில், ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். உங்களுக்கு யாரோ போன் செய்ய, அடுத்த அறையில் பிள்ளையின் ஆன்லைன் தேர்வு அறுந்துபோகும். ஓரிரு நாளுக்கு மேல் ஓட வேண்டும் என்றால் பழைய போனில் தனி சிம் போட்டு அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் சிம் போடும் 4ஜி அல்லது 5ஜி ரூட்டர்தான் சரி. அதில் உப்புவதற்குப் பேட்டரி கிடையாது. வெளி ஆன்டெனா மாட்ட வசதியுள்ள மாடல்களும் உண்டு. போன் பிளான் சிம்மை ரூட்டரில் போட நிறுவனம் அனுமதிக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

லைன் திரும்பி வரும் நாளுக்காக ஒன்றை இன்றே செய்யுங்கள். போனை இன்டர்நெட் போர்ட்டில் இணைக்கும்போது, ரூட்டரின் இணைப்பு வகையை, முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளும் டைனமிக் ஐபிக்கு மாற்ற வேண்டியிருக்கும். அங்கே ஏற்கெனவே பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் முறை) என்று இருந்தால், பிராட்பேண்டுக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், மாற்றும்போது அழிந்துவிடலாம். யூசர்நேம் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால், ரூட்டரின் பேக்கப் ஃபைல் ஒன்றையும் கணினியில் சேமித்துவிட்டு, அதற்குப் பிறகு மாற்றுங்கள்.