பிவிசி பைப் தயாரிக்கும் லைனில் கருகலைக் கட்டுப்படுத்துவது எப்படி

பைப்பின் மூலப்பொருளான பிவிசி ரெசின் தூளின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். சூடு மிஞ்சினால் அது ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாகக் கிளம்பும். ஒரு கிலோ ரெசின் முழுக்கச் சிதைந்தால் 580 கிராம் வரை. அந்த வாயுவே பக்கத்திலிருக்கும் ரெசினையும் கெடுக்கும். ஆகவே பைப் லைனில் குளோரின் கழிவைக் குறைப்பதற்கு முதல் வேலை, கருகலை அது தொடங்கும் இடத்திலேயே பிடிப்பது.

தூள்களைச் சூடாக்கிக் கலக்கும் ஹாட் மிக்ஸரில், சேர்க்கும் வரிசை முக்கியம். முதலில் ரெசின், 60 டிகிரி செல்சியஸில் ஸ்டெபிலைசர் (ரெசின் சூட்டில் சிதையாமல் காக்கும் சேர்க்கை), 80–85இல் மெழுகு, 90–95இல் கால்சியம் பவுடர் (சுண்ணாம்புக்கல் தூள்). 115–120இல் இறக்கி, கூலரில் 45 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கால்சியத்தை முதலிலேயே கொட்டினால் ஸ்டெபிலைசரையும் மெழுகையும் அது குடித்துவிடும். ரெசின் பட்டினி கிடக்கும்.

ஈய ஸ்டெபிலைசரைக் கைவிடச் சொல்லும் 2021 விதிகளுக்குப் பிறகு கால்சியம்-ஜிங்க் ஸ்டெபிலைசருக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயம் போட்டபோது பைப் மெல்ல மஞ்சளாகி எச்சரிக்கும். ஜிங்க் தீர்ந்தால் உண்டாகும் ஜிங்க் குளோரைடு சிதைவைத் தூண்டிவிடும். நேற்று வெள்ளையாக ஓடிய மால் (உருகிய பிவிசி) இன்று திடீரென்று கறுக்கும்.

ஸ்க்ரூ சுழலும் சூடான உருளையான பாரலில், பவுடர் விழும் முன்பகுதியில் 180–185, அடுத்து வரும் ஸோன்களில் 165–170, பைப்புக்கு வடிவம் தரும் டையில் 185–195 என்று தொடங்கலாம். மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் தளர்ந்திருந்தால் குறைவாகக் காட்டும், ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பைப்பை அறுத்து உள்சுவரைப் பாருங்கள்: பழுப்புக் கோடு எப்போதும் ஒரே இடத்தில் ஓடினால் டையின் நடுப்பகுதியைத் தாங்கும் ஸ்பைடர் காலுக்குப் பின்னால் மால் தேங்கியிருக்கிறது. டையைக் கழற்றிப் பித்தளைச் சுரண்டியால் வழியுங்கள். இரும்பு பட்டால் குரோம் பூச்சு கீறும், அடுத்த கருகல் அந்தக் கீறலில்தான் பிடிக்கும்.

கரண்ட் போனால் ஜெனரேட்டரின் முதல் இணைப்பு பாரலைக் குளிர்விக்கும் ப்ளோயருக்கும் ஸ்க்ரூ மோட்டாருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டதா? ஹீட்டரை அணைத்து, ஸ்டெபிலைசர் இரட்டிப்பாகச் சேர்த்த பவுடரைப் போட்டு, ஸ்க்ரூவை மெதுவாகச் சுற்றித் தள்ளுங்கள். டைக்கு நேரே நிற்காதீர்கள், முகமூடி கட்டாயம். அசிட்டால் பிளாஸ்டிக்கை மட்டும் இந்த பாரலில் விடவே கூடாது; இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும் அளவுக்கு வாயு உண்டாகும்.

வெட்டுத் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்து, பல்வரைசரில் அரைத்து, காந்தத்தில் ஓட்டி, 5–10 சதவீதம் வரை சேர்க்கலாம். பழுப்பேறியது வேண்டாம், அதில் ஸ்டெபிலைசர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதைத் திறந்தவெளியில் எரிப்பது டயாக்சின் என்ற நச்சுக்கு வழி.

பாரலிலிருந்து வாயுவை உறிஞ்சும் வாக்குவம் பம்ப்பிலிருந்து வெளிவரும் தண்ணீரை ஷிஃப்டுக்கு ஒருமுறை பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். அமிலம் காட்டினால், ஒரு கிலோ அமிலத்தை முறிக்க ஏறக்குறைய ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு போதும். ஆனால் குளோரைடு உப்பாகத் தண்ணீரிலேயே தங்கும். சாக்கடைக்கு விடாமல் சுத்திகரிப்புக்கு அனுப்புங்கள். சுண்ணாம்புச் செலவு திடீரென்று ஏறினால், பைப்பில் நிறம் மாறும்வரை காத்திராமல் அன்றே பாரல் சூட்டைச் சோதியுங்கள்.