பண்ணை மீன்களில் ஒட்டுண்ணி ஆய்வு: குளக்கரையில் தொடங்கி முடிவு எழுதும் வரை

பண்ணை மீன்களின் தொற்றுநோய்களையும் ஒட்டுண்ணிகளையும் ஆராயப் புறப்படும் மாணவர்களில் பலர் தங்கள் கவனம் முழுவதையும் ஆய்வகக் கருவிகளின் மீதே வைக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வின் முடிவு நம்பத்தகுந்ததா என்பது, மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்த முதல் அரைமணி நேரத்தில் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. மீன் இறந்தவுடன் அதன் செவுள் மிக விரைவாகச் சிதையத் தொடங்குகிறது. தோலிலும் செவுளிலும் வாழும் ஓரணு ஒட்டுண்ணிகள் பலவும் ஓம்புயிரி (அவை ஒட்டி வாழும் மீன்) இறந்த சிறிது நேரத்தில் உதிர்ந்துவிடுகின்றன, அல்லது அசைவிழந்து அடையாளம் காண முடியாதவையாகிவிடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி குளக்கரை வேலைக்கே அதிக இடம் தருகிறது.

முதலில் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "மீன்கள் ஏன் சாகின்றன?" என்பது ஒரு கேள்வி, "இந்த ஒட்டுண்ணி குளத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது?" என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதலாவதற்கு, நோய்க்குறிகளுடன் கரையோரம் ஒதுங்கி நிற்கும், இன்னும் உயிருள்ள மீன்கள் தேவை. இரண்டாவதற்கு, குளத்திலுள்ள எந்த மீனும் பிடிபடச் சம வாய்ப்புள்ள வகையில் இழுவலையால் எடுத்த மாதிரி தேவை. நலிந்த மீன்கள் எளிதில் கைக்கு அகப்படும் என்பதால், கரையோரத்தில் பிடித்தவற்றை மட்டும் எண்ணிப் பரவல் விகிதத்தைக் கணக்கிட்டால், அது உண்மையை விடப் பல மடங்கு கூடுதலாகத் தோன்றக்கூடும். இரு வகை மீன்களையும் எடுக்கலாம். ஆனால் அவற்றைத் தனித்தனிக் கலன்களில் வைத்து, தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

மாதிரியின் அளவையும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. பெருந்தொகையாக மீன்கள் உள்ள குளத்தில் 10 சதவீத மீன்களுக்குத் தொற்று இருந்தால், அவற்றில் ஒன்றையேனும் 95 சதவீத உறுதியுடன் கண்டறிய ஏறக்குறைய 30 மீன்கள் வேண்டும். தொற்று 5 சதவீதமாக இருந்தால் 60 மீன்களும், 2 சதவீதமாக இருந்தால் 150 மீன்களும் தேவைப்படும். இவை நாம் கையாளும் சோதனை எந்தத் தொற்றையும் தவறவிடாது என்று கொண்டு போட்ட கணக்குகள். நடைமுறையில் எந்தச் சோதனையும் அப்படி இல்லை என்பதால், இவற்றைக் குறைந்தபட்ச எண்ணிக்கைகளாகவே கருத வேண்டும்.

வலையை இறக்குவதற்கு முன்பே நீரின் வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், கார அமிலத்தன்மை (pH), அம்மோனியா ஆகியவற்றை அளந்து, அளந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். பச்சைப் பாசி மிகுந்த குளத்தில் ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைவாகவும் பிற்பகலில் மிக அதிகமாகவும் இருப்பதால், நேரம் குறிக்காத அளவீட்டால் பயனில்லை.

இனி ஈரப்பூச்சு தயாரிப்பு, அதாவது கோழையையோ திசுத் துண்டையோ ஒரு சொட்டு நீரில் வைத்து, நிறமேற்றாமல் உயிரோடு பார்க்கும் ஸ்லைடு. மீனை விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த முறைப்படியே, துன்பமின்றி உயிரிழக்கச் செய்ய வேண்டும். மயக்க மருந்துக் கரைசலில் மீனை நெடுநேரம் வைத்தால் தோலில் உள்ள ஒட்டுண்ணிகள் கரைசலிலேயே உதிர்ந்துவிடக்கூடும் என்பதால், புற ஒட்டுண்ணிகளை எண்ணப்போகும் ஆய்வில் எந்த முறையைப் பயன்படுத்துவது என்பதை முன்கூட்டியே யோசித்து ஒப்புதல் பெறுவது நல்லது. ஒரு நேரத்தில் ஒரு மீனை மட்டுமே எடுக்க வேண்டும். அதைப் பார்த்து முடிக்கும் வரை மற்றவை காற்றூட்டப்பட்ட அதே குளத்து நீரில் உயிருடன் இருக்கட்டும்.

ஸ்லைடின் மீது ஒரு சொட்டு நீர் வைக்கும்போது அது மீன் வாழ்ந்த நீராகவே இருக்க வேண்டும். குழாய்நீரில் உள்ள குளோரின் ஓரணு உயிரிகளைக் கொன்றுவிடும். கடல்மீனின் ஒட்டுண்ணி நன்னீர் பட்டால் உப்பி வெடிக்கும். மார்புத் துடுப்பின் பின்புறம் தொடங்கி வால் நோக்கி, கவர்ஸ்லிப்பின் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டின்) விளிம்பாலோ மழுங்கிய கத்தி முனையாலோ கோழைப்படலத்தை மெல்ல வழித்தெடுக்க வேண்டும். செதில்கள் சேர்ந்து வந்தால் அழுத்தம் மிகுதி என்று பொருள். அடுத்து, செவுள் மூடியைத் தூக்கி, செவுள் இழைகளின் நுனிகளில் சிலவற்றை மட்டும் கூரிய கத்தரியால் நறுக்க வேண்டும். கடினமான செவுள் வளைவு சிறிதேனும் சேர்ந்துவிட்டால் கவர்ஸ்லிப் சமமாகப் படியாது. இழைகளை அடியோடு வெட்டினால் இரத்தம் பெருகி எதையும் பார்க்க விடாது. துடுப்பின் ஓரத்திலிருந்தும் சிறு துண்டு ஒன்றை எடுக்க வேண்டும்.

சில நிமிடங்களுக்குள் நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். நிறமேற்றாத உயிரிகள் கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடுவதால், நுண்ணோக்கியின் ஒளித்துளையைக் குறைத்து வைத்தால்தான் அவற்றின் விளிம்பு புலப்படும். புதியவர்கள் முழு ஒளியில் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. 40 மடங்கில் தொடங்கி ஸ்லைடு முழுவதையும் வரிசையாகப் பார்த்து, அசைவு தெரிந்த இடத்தில் 100, 400 என்று கூட்ட வேண்டும். மெதுவாகச் சுழன்றபடி, உடல் முழுதும் நுண்மயிர்கள் கொண்டு, உள்ளே லாட வடிவ உட்கரு தெரிந்தால், நன்னீர் மீனில் அது வெண்புள்ளி நோயை உண்டாக்கும் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ். தட்டுப் போன்ற உடலுக்குள் பற்கள் அடுக்கிய வளையத்துடன் வழுக்கிச் செல்வது டிரைக்கோடினா. மீனின் சிவப்பணு அளவே இருந்து, துடிப்புடன் மினுக்கி நகர்வது இக்தியோபோடோவாக இருக்கலாம். அதைக் காண 400 மடங்கு கட்டாயம். கொக்கிகள் கொண்ட சிறு புழுவில் நான்கு கண்புள்ளிகள் இருந்தால் டாக்டிலோகைரஸ் என்றும், கண்புள்ளிகளின்றி வயிற்றில் வளர்ந்த குட்டியின் கொக்கிகள் தெரிந்தால் கைரோடாக்டிலஸ் என்றும் முதற்கட்டமாகக் கொள்ளலாம். கருத்த தடித்த விளிம்புடன் துல்லிய வட்டமாக இருப்பவை காற்றுக்குமிழ்கள். அவற்றை எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அசையும் படம் எடுத்து வைப்பது, பிறர் நம் அடையாளத்தைச் சரிபார்க்க உதவும் மிகச் சிறந்த சான்று.

அடுத்தது பாதுகாத்தல். திசுவியலுக்கு (திசுவை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வுக்கு), 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனில்லாத துண்டுகளை, திசுவின் கன அளவைப் போல் குறைந்தது 10 மடங்கு 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் இட வேண்டும். மரபணுச் சோதனைக்கு உரியதை 95 சதவீத எத்தனாலில் தனியே வைக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டது, மரபணுத் துண்டுகளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் (PCR) சோதனைக்கு எளிதில் உதவாது. திசுவியலுக்கான மீனை ஒருபோதும் உறைய வைக்கக் கூடாது, பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்துவிடும். குப்பியின் உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டை இட வேண்டும், ஏனெனில் எத்தனால் பேனா மையைக் கரைத்துவிடும். ஃபார்மலின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மைக்கோபாக்டீரியம் மரைனம் போன்ற மீன் நுண்ணுயிரிகள் கையிலுள்ள சிறு கீறல் வழியாக மனிதரையும் தொற்றும். எனவே கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. வலையையும் காலணியையும் கிருமிநீக்கம் செய்து உலர்த்தாமல் அடுத்த குளத்திற்குச் சென்றால், ஆய்வாளரே நோயைப் பரப்பியவராகிவிடுவார்.

எண்ணிக்கைகளை எழுதும்போது மூன்று அளவுகளையும் பிரித்துக் காட்ட வேண்டும். 30 மீன்களில் 12 மீன்களுக்குத் தொற்று, மொத்தம் 96 புழுக்கள் என்று கொள்வோம். பரவல் விகிதம் 40 சதவீதம். தொற்றிய மீன் ஒன்றுக்குச் சராசரித் தீவிரம் 8. எல்லா மீன்களையும் சேர்த்த சராசரிச் செறிவு 3.2. ஆனால் அந்த 96 புழுக்களில் 70 புழுக்கள் இரண்டே மீன்களில் இருந்தால், மீதிப் பத்து மீன்களில் சராசரியாக 2.6 புழுக்களே உள்ளன. இந்த நிலையில் 8 என்ற சராசரி எந்த மீனையும் சரியாக விவரிப்பதில்லை. ஒட்டுண்ணிகள் இப்படிச் சில ஓம்புயிரிகளிலேயே குவிவது விதிவிலக்கு அன்று, வழக்கம். எனவே இடைநிலை மதிப்பையும் ஒவ்வொரு மீனின் எண்ணிக்கையையும் சேர்த்தே தர வேண்டும். 30 மீன்களில் ஒன்றிலும் தொற்று காணப்படாவிட்டால் "குளத்தில் தொற்று இல்லை" என்று எழுதக் கூடாது. பரவல் பெரும்பாலும் 10 சதவீதத்திற்குக் கீழ் இருக்கும் என்பது வரையே அந்த மாதிரியால் சொல்ல முடியும்.

ஒட்டுண்ணி கிடைத்ததாலேயே சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டுவது இத்துறையில் மிகுதியாக நடக்கும் பிழை என்பது என் உறுதியான கருத்து. டிரைக்கோடினா பெருகியிருப்பது, பல வேளைகளில், கழிவு மிகுந்த நீரின் விளைவே. உண்மையான காரணம் அம்மோனியாவாக இருக்கலாம். அதே குளத்தின் நலமான மீன்களையும், பாதிக்கப்படாத குளத்தின் மீன்களையும் அதே முறையில் பார்த்து ஒப்பிட்ட பிறகே காரணத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒட்டுண்ணி செவுளில் என்ன சேதம் செய்தது என்பதைத் திசுவியல் காட்ட வேண்டும். குஞ்சுகள் வந்த மூலத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும். பால்டிக் கடல் சால்மன் மீன்கள் பெருமளவு தாங்கிக்கொள்ளும் கைரோடாக்டிலஸ் சலாரிஸ், 1970களில் நார்வேக்குள் நுழைந்தபோது, அதற்கு எதிர்ப்பாற்றல் இல்லாத அந்நாட்டு ஆறுகளின் சால்மன் குஞ்சுகளைப் பேரளவில் அழித்தது. இனம் ஒன்றே என்பதால் விளைவும் ஒன்றே என்று கொள்ள முடியாது.

கண்டறிந்தது உலக விலங்கு சுகாதார அமைப்பின் (WOAH) பட்டியலில் உள்ள நோய் என்ற ஐயம் எழுந்தால், கட்டுரை எழுதுவதற்கு முன்பே அந்த நாட்டின் கால்நடை அல்லது மீன்வள அதிகாரிக்குத் தெரிவித்து, அதிகாரப்பூர்வ ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். இந்த நடைமுறையை, மாதிரி எடுக்கும் முன்பே பண்ணையாளரிடம் விளக்கிச் சொல்லி, அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.