‘உனக்கென்ன குறைச்சல்?’ – மனச்சோர்வில் வீடு செய்யும் தவறுகள்

பெரியம்மாவுக்கு ஆறு மாதமாகத் தலைவலி. கண் டாக்டரைப் பார்த்தாயிற்று, காது மூக்கு தொண்டை டாக்டரையும் பார்த்தாயிற்று, கடைசியில் மூளை ஸ்கேனும் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, அவருக்கு மட்டும் கோபம். “அப்போ நான் பொய் சொல்றேனா?” என்றார். தூக்கம் எப்படி, பசி எப்படி, முன்பு பிடித்த காரியங்கள் இப்போதும் பிடிக்கிறதா என்று உட்காரவைத்து விசாரித்தது தெருமுனை கிளினிக் டாக்டர்தான். சீரியல்கூடப் பார்ப்பதில்லை என்று அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது.

மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது முதல் தவறு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசும். உடம்பெல்லாம் வலி, நெஞ்சுப் படபடப்பு, வயிறு மந்தம், விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, எரிச்சலாக வரும். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரக்கூடியவை. அந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.

வார்த்தையிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆபீஸ் டென்ஷனையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம், நோயாகிவிட்ட சோர்வையும் அதே பெயரால் அழைக்கிறோம். அதனால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: “நாலு நாள் ஊருக்குப் போய்ட்டு வா.” டென்ஷன் ஊருக்குப் போனால் குறையலாம். மனச்சோர்வு கூடவே பஸ் ஏறும்.

“சொந்த வீடு, நல்ல பிள்ளைகள்… உனக்கென்ன குறைச்சல்?” ஆறுதல் என்று நினைத்துத்தான் கேட்கிறோம். கேட்கப்படுபவர் அந்தப் பட்டியலை ஏற்கெனவே நூறு தடவை தனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார். இத்தனை இருந்தும் இப்படி இருக்கிறோமே என்கிற குற்றவுணர்வுதான் மிஞ்சும். காரணம் இல்லாமலும் இது வரும். காரணம் தெரிந்தால் மட்டும் என்ன? கணவர் போன துக்கம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதும் தப்புத்தான்.

சரி, மருத்துவரிடம் போயாயிற்று. மாத்திரை விஷயத்தில்தான் ஏகப்பட்ட கோளாறு. மனநல மருத்துவர் எதை எழுதினாலும் அதற்கு வீட்டில் ஒரே பெயர்: தூக்க மாத்திரை. மனச்சோர்வுக்கான மாத்திரை வேறு. அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். குமட்டலும் தலைவலியும் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். பலர் நிறுத்துவது அப்போதுதான். அதைத் தாண்டியவர்கள், தெம்பு வந்ததும் “இனி எதுக்கு?” என்று நிறுத்துகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம், இல்லாவிட்டால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வேறு.

ஆரம்பத்தில் பதற்றத்துக்காகச் சில நாட்களுக்கு மட்டும் எழுதித்தரும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள்தான் உண்மையில் பழகிப்போகக்கூடியவை. ஆனால் நடப்பது தலைகீழ். தொடர வேண்டியதை நிறுத்திவிட்டு, இதைப் பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இப்படிப் பழகியவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடவும் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

தூக்கத்துக்காகக் குடிப்பது, தூக்கத்தையும் கெடுத்து சோர்வையும் கூட்டும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் தப்பில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் தப்பு. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று யாராவது கேலி செய்வார்களோ என்று தயங்குபவர்களுக்கு ஒன்று: மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மற்ற நோயாளிகளோடு சேர்ந்து அங்கேயே ஓ.பி. சீட்டு வாங்கலாம்.

கடைசியாக, நாம் கேட்கவே பயப்படும் கேள்வி. “இருந்து என்ன ஆகப்போகுது” என்று ஒருவர் சொன்னால், “சும்மா உளறாதே” என்று வாயை அடைத்துவிடுகிறோம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் வையுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களும் கூப்பிட்டு, அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று கேட்கலாம்.