மேவன் நேரமுத்திரை வடிவத்தை ஒரே கணத்தைக் கொண்டு சோதித்தல்

கோலாலம்பூரில் காலை எட்டு மணிக்கு முன்பு, பசியாறும் வேளையில் ஜாவா நிரல்களைத் தொகுத்துக் கட்டும் கருவியான மேவனை இயக்குபவர்கள், உருவான கோப்பில் நேற்றைய தேதி பதிவாகியிருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. மேவன் 3 (3.2.2 பதிப்பு முதல்), கட்டும் நேரத்தைத் தரும் தனது நேரமுத்திரை மாறியில் உலகப் பொது நேரமான யூடிசியைத் தருகிறது. மலேசியக் கடிகாரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே அது பிழையன்று. உண்மையான பிழைகள், தேதியும் நேரமும் எப்படித் தெரிய வேண்டும் எனச் சொல்லும் வடிவ எழுத்துகளில்தான் ஒளிந்திருக்கும்.

முதலில், மேவன் திட்டத்தின் அமைப்புக் கோப்பான பாம் கோப்பின் பண்புகள் பகுதியில் வடிவத்தைக் குறித்துவிட்டு, உங்கள் சொந்தப் பெயரில் இன்னொரு பண்பை அமைத்து, அதன் மதிப்பாக நேரமுத்திரை மாறியை இடுங்கள். வளக் கோப்பில் அந்த மாறியையே நேரடியாக எழுதினால் அது மதிப்பாக மாறாமல் அப்படியே நின்றுவிடக்கூடும் என்பதால்தான் இந்தச் சுற்றுவழி. வளங்களுக்கு வடிகட்டலை (மாறிகளின் இடத்தில் அவற்றின் மதிப்பை இடுவதை) இயக்கி, ஒரு சிறிய உரைக் கோப்பில் உங்கள் பண்பைக் குறித்து, வளங்களைச் செயலாக்கும் கட்டம் வரை மட்டும் மேவனை ஓட்டினால் போதும்.

ஆனால் இது இந்த நிமிடத்தை மட்டுமே சோதிக்கும். மார்ச் மாதத்தில் சரியாகத் தெரியும் வடிவம் ஆண்டிறுதியில் காலை வாரிவிடக்கூடும். எனவே ஜாவா வரிகளை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் ஜேஷெல்லைத் திறந்து, மேவன் 3 தேதியை வடிவமைக்க நம்பியிருக்கும் ஜாவாவின் சிம்பிள்டேட்ஃபார்மட் வகுப்பிடம் அதே வடிவத்தைக் கொடுத்து, நேர மண்டலத்தை யூடிசி என அமைத்து, 2024 டிசம்பர் 31, 23:30:45 என்ற கணத்தை அச்சிடச் செய்யுங்கள். இந்தக் கணத்தை நான் விரும்புவதற்குக் காரணம், இதில் எந்த எண்ணும் இன்னொன்றின் வேடத்தைப் போட முடியாது என்பதே. ஆண்டுக்குப் பெரிய ஒய் எழுதியிருந்தால், அது வார ஆண்டை, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருகிறதோ அதைக் குறிப்பதால், 2025 என வரும். மாதத்துக்குச் சின்ன எம் எழுதியிருந்தால், 12 இருக்க வேண்டிய இடத்தில் நிமிடமாகிய 30 நிற்கும். நாளுக்குப் பெரிய டி என்றால், அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பதாலும் 2024 லீப் ஆண்டாதலாலும், 366 வரும். மணிக்குச் சின்ன எச் என்றால், 12 மணிக் கணக்கில் 23 என்பது 11 ஆகிவிடும்.

உள்ளூர் நேரமே வேண்டுமென்றால், மேவனுக்கான பில்ட் ஹெல்ப்பர் என்ற செருகுநிரலின் நேரமுத்திரை இலக்கில் (நேரமுத்திரையைத் தரும் பணியில்) நேர மண்டலத்தைக் குறிப்பிடலாம். அப்போது வடிவத்தின் இறுதியில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் இசட் எழுத்தை நீக்க மறவாதீர்கள். அது வெறும் எழுத்து, மண்டலம் மாறினாலும் யூடிசி என்றே பொய் சொல்லிக்கொண்டிருக்கும். அதன் இடத்தில், யூடிசியிலிருந்து உள்ள நேர வேறுபாட்டைக் காட்டும் பெரிய எக்ஸ் மூன்றை இட்டு, ஜேஷெல்லிலும் மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றினால், அதே கணம் 2025 ஜனவரி 1, 07:30:45 என்றும் இறுதியில் +08:00 என்றும் வர வேண்டும்.